ஆபரேஷனுக்குத் தேதி குடுத்த அன்னைக்கே பிசியோ ஆரம்பிச்சிருக்கணும்

எங்க அம்மாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் காலைல பிசியோதெரபிஸ்ட் வந்தாங்க, ஒரு டவலைச் சுருட்டி முட்டிக்கு அடியில வச்சு "அம்மா, இந்த டவலை முட்டியால அப்படியே கீழ அமுக்குங்க"ன்னு சொன்னாங்க. அம்மா அமுக்குறாங்க, முகமெல்லாம் சுருங்குது, கை பெட்ஷீட்டை இறுக்கிப் புடிச்சிருக்கு, ஆனா தொடையில ஒரு அசைவும் இல்ல. "நான் அமுக்கத்தான்மா செய்யுறேன், காலு கேக்க மாட்டேங்குது"ன்னாங்க. அந்தப் பிசியோ பொண்ணு பதறவே இல்ல, அம்மாவோட கையை எடுத்து நல்ல கால் தொடை மேல வச்சு "மொதல்ல இந்தக் கால்ல அமுக்கிப் பாருங்க, சதை எப்படிக் கல்லு மாதிரி ஆகுது பாத்தீங்களா, இப்ப அதே மாதிரி அந்தக் கால்ல"ன்னு சொல்லி, ஒரு பத்து தடவை போராடின பிறகு முட்டிச் சில்லு ஒரு நெல்லு அளவு மேல நகர்ந்துச்சு. அவ்ளோதான். அதுக்கே அவங்க ரெண்டு பேர் முகத்துலயும் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் அப்ப அது வலியாலயோ பயத்தாலயோன்னுதான் நெனச்சேன். பிறகு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது வேற. மூட்டுக்குள்ள வீக்கமும் காயமும் இருந்தா அங்கேருந்து போற நரம்பு சிக்னல் முதுகுத்தண்டு லெவல்லயே தொடையோட முன்பக்கத் தசையை, அதாவது குவாட்ரிசெப்ஸை, அடக்கி வச்சிடும். தசை அங்கயேதான் இருக்கு, ஆனா மூளை குடுக்குற ஆர்டர் அதுக்கு முழுசாப் போய்ச் சேரல. முட்டி மாத்துன ஒரு மாசம் கழிச்சு அந்தத் தசையோட பலத்தை அளந்து பாத்த ஆய்வுல ஆபரேஷனுக்கு முந்தி இருந்ததவிட சுமார் 60 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, அந்த இழப்புக்கு முக்கியமான காரணம் தசை சுருங்குனது இல்ல, தசை 'ஆன்' ஆகாததுதான். அதனாலதான் முதல் நாள்லயே டவலை அமுக்கச் சொல்றாங்க, பாக்க ஒண்ணுமே இல்லாத பயிற்சி மாதிரி இருக்கும், ஆனா அறுந்து கிடக்குற பேச்சுவார்த்தையைத் திரும்ப ஆரம்பிச்சு வைக்கிறதே அதுதான்.

இத ஏன் இவ்ளோ விவரமாச் சொல்றேன்னா, பெரும்பாலான வீடுகள்ல ஆபரேஷன்னா டாக்டர் செய்யுறது, அதுக்கு முன்னாடி நாம பணத்தையும் லீவையும் ரெடி பண்ணணும், அதுக்கப்புறம் நல்லா ரெஸ்ட் எடுக்கணும், இதுதான் கணக்கு. நடுவுல உடம்புன்னு ஒண்ணு இருக்கு, சர்ஜன் தச்சு முடிச்சுட்டுப் போன பிறகு மிச்ச வேலை பூராவும் அதோட தலையிலதான் விழுது, அந்த வேலைக்கு அதைத் தயார் பண்ண முடியும்ங்கிறத யாரும் யோசிக்கிறது இல்ல. தேதி குடுத்ததுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவுல நாலு வாரமோ ஆறு வாரமோ கிடைக்குது, அந்த நாளெல்லாம் டென்ஷன்லயே ஓடிடுது.

பெரிய ஆபரேஷன் உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு பாருங்க. காயம் பட்டதும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறும், ஆக்ஸிஜன் தேவை கூடும், இதயமும் நுரையீரலும் படுத்திருக்கும்போதே அதிகமா உழைக்கணும், புண் ஆற வைக்கிறதுக்கு வேண்டிய புரதத்துக்காக உடம்பு தன்னோட தசையையே உடைக்க ஆரம்பிக்கும். இதுக்கு மேல படுக்கை. படுக்கை எவ்ளோ கெடுதல்னு முதல்ல பளிச்சுன்னு காட்டுனது 1966ல டல்லாஸ்ல நடந்த ஒரு ஆய்வு, 20 வயசுள்ள ஆரோக்கியமான அஞ்சு பசங்கள மூணு வாரம் படுக்க வச்சாங்க, அவங்க உடம்பு உச்சபட்சமா ஆக்ஸிஜனைப் பயன்படுத்துற திறன் கால்வாசிக்கு மேல குறைஞ்சு போச்சு. அதே அஞ்சு பேரை 30 வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு அளந்தப்போ, 30 வருஷ வயசு ஏறுனதால வந்த இழப்பைவிட அந்த மூணு வாரப் படுக்கையால வந்த இழப்பு அதிகமா இருந்துச்சு. வயசானவங்களுக்கு இன்னும் மோசம், 2007ல வந்த ஒரு ஆய்வுல ஆரோக்கியமான முதியவங்க 10 நாள் படுத்ததுல கால்கள்லேருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்துச்சு. இவங்க யாருக்கும் நோயும் இல்ல, கத்தியும் படல, சும்மா படுத்ததுக்கே இது.

இங்கதான் கையிருப்புன்னு ஒரு விஷயம் வருது. ஒரு சேர்லேருந்து கை ஊனாம எழுந்திருக்க தொடைக்கு இவ்ளோ பலம் வேணும்னு ஒரு கோடு இருக்குன்னு வச்சுக்கோங்க. நல்லா நடமாடுற ஆளு அந்தக் கோட்டுக்கு ரொம்ப மேல இருப்பார், ஆபரேஷன்ல கொஞ்சம் கீழ இறங்குனாலும் கோட்டுக்கு மேலதான் நிப்பார், பாத்ரூமுக்குத் தானா போயிடுவார். மூட்டு வலியால ரெண்டு வருஷமா உக்காந்தே இருந்தவங்க கோட்டை ஒட்டியே நிக்கிறாங்க, அதே அளவு இறக்கம் வந்தா அவங்க கோட்டுக்குக் கீழ போயிடுவாங்க, எழுப்பி விட ஒரு ஆளு வேணும், ஆளு இல்லாத நேரம் படுத்தே இருப்பாங்க, படுக்கப் படுக்க இன்னும் கீழ. ஒரே ஆபரேஷன், ஒரே டாக்டர், ஆனா ஒருத்தர் பத்து நாள்ல நடக்குறார், இன்னொருத்தர் மூணு மாசமாகியும் நடக்கலன்னா நாம விதின்னு சொல்லிட்டுப் போயிடுறோம், பல நேரம் வித்தியாசம் உள்ள போகும்போது இருந்த கையிருப்புலதான்.

சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கணும்ங்கிறது புதுசு இல்ல. 1899லயே எமில் ரீஸ்ங்கிற டாக்டர் ஆபரேஷன் ஆனவங்களை வாரக்கணக்குல படுக்க வைக்காம எழுப்பி விட்டுப் பாத்துட்டு எழுதியிருக்கார், ஆனா யாரும் பெருசாக் காதுல வாங்கல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல படுக்கையும் ஆளும் பத்தாம சீக்கிரமா எழுப்ப வேண்டி வந்தப்பதான் எழுந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு பரவலாத் தெரிஞ்சுது. 1990கள்ல டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கேலெட் வலி மருந்து, சாப்பாடு, நடை எல்லாத்தையும் சேர்த்து ஒரே திட்டமா ஆக்குனார், இன்னைக்கு பல ஆஸ்பத்திரில சாயங்காலமே பெட்லேருந்து இறக்கி விடுறாங்கன்னா அந்த வழில வந்ததுதான். ஆனா இது எல்லாமே ஆபரேஷனுக்குப் பிந்தி. முந்திங்கிறது அதுக்கப்புறம் வந்த சிந்தனை, அதுக்கு ப்ரீஹாபிலிடேஷன்னு பேரு, சுருக்கமா ப்ரீஹாப்.

மான்ட்ரியல்ல மெக்கில் பல்கலைக்கழகத்துல பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குக் காத்திருந்த 77 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க, 2014ல முடிவு வந்துச்சு. ரெண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி திட்டம்தான், உடற்பயிற்சி, புரதம், மனசைத் தளர்த்துற பயிற்சி, ஒரே வித்தியாசம் என்னன்னா ஒரு குழு சுமார் நாலு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுது, இன்னொண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம். எட்டு வாரம் கழிச்சு ஆறு நிமிஷம் நடக்க வச்சு எவ்ளோ தூரம்னு அளந்தா, முன்னாடியே ஆரம்பிச்சவங்கள்ல 84 சதவீதம் பேர் பழைய அளவுக்கோ அதுக்கு மேலயோ வந்துட்டாங்க, மத்தவங்கள்ல 62 சதவீதம்தான். 2018ல பார்சிலோனால வயித்துல பெரிய ஆபரேஷன் பண்ணப்போற ரிஸ்க் அதிகமான ஆளுங்களை மட்டும் எடுத்துப் பாத்தாங்க, வழக்கமான கவனிப்புல இருந்தவங்களுக்கு 62 சதவீதம் சிக்கல் வந்துச்சு, ப்ரீஹாப் செஞ்சவங்களுக்கு 31. 2023ல குடல் புற்றுநோய்க்காரங்களை வச்சு வந்த ஆய்வுலயும் கடுமையான சிக்கல் கிட்டத்தட்ட 30 சதவீதத்துலேருந்து 17க்கு இறங்குச்சு.

எல்லா ஆபரேஷனுக்கும் இப்படியேன்னு சொல்லிட முடியாது. முட்டி மாற்றுக்கு முந்தி பண்ற பயிற்சில முதல் சில வாரம் நடை நல்லா இருக்கும், ஆறு மாசம் ஒரு வருஷம்னு போனா பண்ணவங்களுக்கும் பண்ணாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாதுன்னு பல ஆய்வு சொல்லுது. என்னைக் கேட்டா அந்த முதல் வாரங்கள்தான் முக்கியம், விழுறது, நிமோனியா, ரத்தக்கட்டி எல்லாம் வர்றது அப்பதான், அந்த நேரத்துல சொந்தக் கால்ல நிக்குறவங்க நிலைமையே வேற. அதோட யாருக்கு உடம்பு ஏற்கனவே தளர்ந்திருக்கோ அவங்களுக்குத்தான் லாபம் அதிகம், ஆனா நாம பண்றது தலைகீழ், "பாவம் தெம்பே இல்ல, ஆபரேஷன் முடியட்டும்"னு அவங்களைத்தான் முதல்ல உக்கார வச்சிடுறோம்.

சரி என்னதான் பண்ணணும். பெரிய ஜிம்மெல்லாம் வேண்டாம். வாரத்துல மூணு நாலு நாள், மூச்சு வாங்குற அளவுக்கு நடையோ சைக்கிளோ, எவ்ளோ வேகம்னா நடந்துக்கிட்டே ரெண்டு வார்த்தை பேச முடியணும் ஆனா பாட்டுப் பாட முடியக்கூடாது. முட்டி வலிக்குதா, உக்காந்தே மிதிக்கிற சைக்கிள் பெடல், இல்ல கையால சுத்துறது. அதுக்கு மேல பலத்துக்கு, சேர்ல உக்காந்து கையைக் கட்டிக்கிட்டு எழுந்து எழுந்து உக்கார்றது, சுவத்துல கை வச்சுத் தள்றது, ஒரு படி ஏறி இறங்குறது. இதுல சேர்ப் பயிற்சிதான் எனக்கு ரொம்பப் புடிச்சது, ஏன்னா ஆபரேஷனுக்கு அடுத்த நாள் டாய்லெட்லேருந்து எழுந்திருக்க அதே அசைவுதான் வேணும். புரதம் ஒரு கிலோ எடைக்கு தினம் 1.2லேருந்து 1.5 கிராம் வரைக்கும் பொதுவாச் சொல்றாங்க, கிட்னி பிரச்சனை உள்ளவங்க டாக்டர்ட்ட கேக்காம ஏத்தக்கூடாது. சிகரெட் புடிக்கிறவங்க நாலு வாரம் முன்னாடியாவது விட்டா நுரையீரலுக்கும் புண்ணு ஆறுறதுக்கும் நேரடியாவே பலன் உண்டு. நெஞ்சுவலி வந்து போறவங்க, இதய வால்வு ரொம்ப சுருங்கியிருக்கவங்க, காரணம் தெரியாம மயக்கம் வர்றவங்க, இவங்க தானா எதையும் ஆரம்பிக்காம முதல்ல காட்டிட்டுதான் செய்யணும்.

மூச்சுப் பயிற்சியைத் தனியாச் சொல்லியே ஆகணும், எல்லாத்தையும் விட சின்னச் செலவுல பெரிய பலன் இதுலதான். பொது மயக்க மருந்து குடுத்தா பத்துல ஒன்பது பேருக்கு நுரையீரலோட அடிப்பகுதில கொஞ்சம் சுருங்கி ஒட்டிக்கும், இது அனஸ்தீசியா டாக்டர்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம். வயித்துல கீறல் இருந்தா ஆழமா மூச்சு இழுத்தாலே வலிக்கும், அதனால ஆளு மேலாப்புல மூச்சு விடுவார், இருமலை அடக்குவார், சளி கீழ தேங்கும், அதுலதான் நிமோனியா. ஆஸ்திரேலியாலயும் நியூசிலாந்துலயும் வயித்துல ஆபரேஷன் பண்ணப்போற 441 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு நோட்டீஸ் மட்டும், இன்னொரு பாதிக்கு நோட்டீஸோட ஒரு பிசியோதெரபிஸ்ட் உக்காந்து ஒரே ஒரு தடவை 30 நிமிஷம், ஏன் மூச்சுப் பயிற்சி பண்ணணும், எப்படிப் பண்ணணும், கண்ணு முழிச்ச உடனே ஆரம்பிக்கணும்னு சொல்லிக் குடுத்தாங்க. 2018ல வந்த முடிவு, நோட்டீஸ் மட்டும் வாங்குனவங்கள்ல 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல், பிசியோகிட்ட நேர்ல கேட்டுக்கிட்டவங்கள்ல 12. மருந்து இல்ல, மிஷின் இல்ல, அரை மணி நேரப் பேச்சு. ஆபரேஷனுக்கு முன்னாடி சொன்னதாலதான் இது வேலை செஞ்சிருக்கு, மயக்கம் தெளிஞ்சும் தெளியாமலும் வலியோட கிடக்குறவங்க காதுல போய் புதுசா ஒண்ணைச் சொன்னா என்ன ஏறும்.

செய்யுற முறை இதுதான். முதுகை நிமிர்த்தி உக்காந்து, மூக்கால மெதுவா நெஞ்சுக் கூட்டோட கீழ்ப்பக்கம் விரியுற மாதிரி இழுத்து, ரெண்டு மூணு செகண்ட் அப்படியே நிறுத்தி, வாயால விடணும், பத்து தடவை. அப்புறம் ஒரு தலையணையை மடிச்சு தையல் மேல ரெண்டு கையாலயும் அணைச்சுப் புடிச்சுக்கிட்டு இருமணும். அந்தத் தலையணை ரொம்ப முக்கியம், இருமும்போது வயிறு வெளிய தள்றதைக் கை தாங்கிக்கும், வலி குறையும், தையல் பிரிஞ்சிடுமோங்கிற பயம் போகும். முழிச்சிருக்கிற நேரமெல்லாம் மணிக்கொரு தடவை. வீட்ல ஒரு வாரம் பழகிட்டுப் போனவங்களுக்கு அங்க போய் யோசிக்கவே வேண்டாம்.

ஆபரேஷன் முடிஞ்ச பிறகு முதல் வேலை கணுக்கால். பாதத்தை மேல கீழ ஆட்டச் சொல்றது ஏன்னா கெண்டைக்கால் தசைதான் கால் ரத்தத்தை மேல தள்ளுற பம்ப், படுத்தா அது நின்னுடும், தேங்குன ரத்தம் உறையும். அதுக்காக இது ரத்தக்கட்டி தடுப்பு ஊசிக்குப் பதில் இல்ல, ஊசியோட சேர்த்து. எழுந்திருக்கிறதுக்கும் முறை இருக்கு, வயிறு முதுகு ஆபரேஷன்னா நேரா எழும்பாம, முட்டியை மடக்கி உடம்பைக் கட்டை மாதிரி ஒரே பக்கமா உருட்டி, காலைத் தொங்கவிட்டு, கையால தள்ளி உக்காரணும், உக்காந்து ரெண்டு நிமிஷம் அப்படியே இருக்கணும், தலை சுத்தலன்னா நிக்கணும். வலி மாத்திரை போட்டு அரை மணி முக்கா மணி கழிச்சுப் பயிற்சி வச்சுக்கிட்டா பாதிப் போராட்டம் குறையும். வலி மாத்திரை வேண்டாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு படுத்தே கிடக்குறதை நம்ம ஆளுங்க வீரமா நெனைக்கிறாங்க, அதுல உடம்புக்கு நஷ்டம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு நாங்க பண்ண தப்பு, அம்மா முட்டிக்கு அடியில பாசமா ஒரு மெத்து தலையணை வச்சோம். அவங்களுக்கு சுகமா இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு பிசியோ பாத்துட்டு உடனே எடுக்கச் சொன்னாங்க, முட்டி மடங்குனபடியே இருந்தா பின்னாடி எல்லாம் இறுகிப் போய் கால் முழுசா நீட்ட வராது, நீட்ட வரலன்னா வாழ்நாள் பூரா நொண்டித்தான் நடக்கணும், தலையணை வைக்கணும்னா குதிகாலுக்கு அடியில வைங்கன்னாங்க. மடக்குறதுக்கும் கணக்கு உண்டு, சாதாரணமா நடக்க சுமார் 67 டிகிரி மடங்குனாப் போதும், படி ஏற 83, சேர்லேருந்து எழ 93. அதனாலதான் 90ஐத் தாண்டணும்னு முதல் வாரங்கள்ல அவ்ளோ விரட்டுறாங்க. ஊன்றுகோலோட படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் முதல்ல, இதையும் முன்னாடியே பழகிட்டுப் போறது நல்லது.

ஆனா எல்லா ஆபரேஷனுக்கும் சீக்கிரம் அசைக்கிறது நல்லதுன்னு எடுத்துக்காதீங்க. தோள்பட்டைல கிழிஞ்ச தசைநாரைத் தச்சிருந்தா கதையே வேற, தசைநார் எலும்போட ஒட்டுறதுக்கு வாரக்கணக்கு ஆகும், அதனால பொதுவா ஆறு வாரம் வரைக்கும் கையைக் கழுத்துலேருந்து தொங்குற தூளியில போட்டு வைப்பாங்க, அந்த நேரத்துல தானா கையைத் தூக்குனா தச்சது பிய்ஞ்சிடலாம். நெஞ்செலும்பைப் பிளந்து இதய ஆபரேஷன் பண்ணவங்க நடக்கலாம், நடக்கணும், ஆனா எலும்பு கூடுற வரைக்கும், ஆறிலேருந்து எட்டு வாரம், கையை ஊனி எழுந்திருக்கிறது பாரம் தூக்குறதெல்லாம் டாக்டர் சொல்ற அளவுக்குத்தான். அதனால பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுத்த பயிற்சித் தாளை வாங்கிப் பண்றது வேண்டவே வேண்டாம். பயிற்சிக்குப் பிறகு கொஞ்சம் வலி கூடி அடுத்த நாள் காலைக்குள்ள பழைய அளவுக்கு வந்துட்டா சரி, வரலன்னா, வீக்கமும் ஏறுனா, அளவைக் குறைக்கணும். ஒரே கால் கெண்டை மட்டும் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு முட்டுனாலோ, நெஞ்சு வலிச்சாலோ பயிற்சியெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரி.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிறது மூணாவது மாசம். வலி போயிடும், வீட்டுக்குள்ள நடமாட்டம் வந்துடும், உடனே பயிற்சியை நிறுத்திடுவாங்க, ஆனா பலம் அப்ப திரும்பியிருக்காது. முட்டி லிகமென்ட், அதாவது எலும்பையும் எலும்பையும் கட்டி வைக்கிற நார், அதுல ஆபரேஷன் பண்ண விளையாட்டுக்காரங்க கிட்ட இதைத் தெளிவாப் பாத்திருக்காங்க, 2016ல வந்த ஒரு ஆய்வுல மைதானத்துக்குத் திரும்புறதை ஒன்பது மாசம் வரைக்கும் ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடப் போட மறுபடி அடிபடுறது பாதி பாதியாக் குறைஞ்சுது. வலி இல்லங்கிறதும் தயார்ங்கிறதும் ஒண்ணு இல்ல, அதை அளந்துதான் பாக்கணும். வீட்லயே அளக்க முடியும், 30 செகண்ட்ல கையைக் கட்டிக்கிட்டு சேர்லேருந்து எத்தனை தடவை முழுசா எழுந்து உக்கார முடியுதுன்னு எண்ணுறது, இதை ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை எண்ணி எழுதி வச்சிருந்தா எங்க நிக்கிறோம்னு தெரியும்.

அம்மாவுக்கு முன்னாடி 7 வந்துச்சு. ஆறாவது வாரத்துல 5, அன்னைக்கு அவங்க சோர்ந்து போயிட்டாங்க, "இதுக்கா இவ்ளோ கஷ்டப்பட்டேன்"னாங்க. நாலாவது மாசம் நான் போன்ல நேரம் பாக்க, 11. அடுத்த கால் ஆபரேஷனுக்கு இன்னும் தேதி குடுக்கல, ஆனா அந்த சேரை இப்பவே அவங்க கட்டில் பக்கத்துல இழுத்துப் போட்டு வச்சிருக்காங்க.